என் தோலும் நுஸ்ஹாவின் கலியாணமும்

மருதமுனை
வியாழக்கிழமை

அன்பு மகள் றுஸ்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சி நுஸ்ஹாவும் சுகம், கத்தார் வெயிலில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். எங்கள் சுகம் இந்த முறைதான் உண்மை. இரண்டு மாதமாக வீடியோவில் வராமல் கேமரா பழுது என்று சொன்னேனே, அது பச்சைப் பொய் மகள். கேமராவுக்கு ஒன்றுமில்லை, பழுதானது என் முகம். போனில் சொன்னால் உம்மா இடையில் பறித்து வேறு கதையாக்கிவிடுவாள், அதனால் நாளை அங்கே வரும் நம் ஒழுங்கை வீட்டு அஸ்பாக்கிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

டிசம்பர் மழையோடு என் கால் பெருவிரல் கொய்யாப்பழம் மாதிரி வீங்கியது. கிளினிக் வரிசையில் நிற்கச் சோம்பல். நம் ஊரில்தான் வேலிக்கு மேலால் கறிக் கோப்பை போய் வருவதுபோல் மருந்துக் குளிசையும் போய் வருமே. பக்கத்து வீட்டு ஸிராஜ், உன்ட காலும் என்ட காலும் ஒரே வீக்கம்தான் மச்சான், இதப் போடு, ரெண்டே கிழமையில, பதினாலாம் நாள் பந்தடிக்கலாம் என்று தன் கிளினிக் குளிசையில் பதினைந்து பதினைந்தாக அடைத்த இரண்டு காட் தந்தான். மூன்றாம் கிழமை காய்ச்சல், கண் சிவப்பு, வாய்க்குள் புண், நெஞ்செல்லாம் புள்ளி. உம்மா பார்த்துவிட்டுப் பொக்குளிப்பான் என்று தீர்ப்புச் சொல்லி வேப்பிலையில் படுக்கவைத்தாள். நானும் அடக்கமாகப் படுத்துக்கொண்டு, கால் வலி திரும்பிவிடக் கூடாதே என்று அந்தக் குளிசையை ஒரு நாளும் தவறாமல் விழுங்கினேன். ஐந்து வேளைத் தொழுகையில்கூட எனக்கு அவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை, அல்லாஹ் மன்னிப்பானாக. நான்காம் நாள் முதுகுத் தோல் நனைந்த கடதாசி போல் படுக்கை விரிப்போடு போனபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். என்ன மருந்து போட்டீர்கள் என்று டொக்டர் கேட்க, ஸிராஜைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பனடோல் மட்டும் என்றேன். என் சாரன் மடியில் கிடந்த குளிசைக் காட்டைப் பாண்டிருப்புத் தாதி சுஜித்தா பிடித்துவிட்டு, அண்ணன் முறை வைத்து, காக்கா, இதென்ன டொபியா, உயிர் போற நேரத்திலயும் மறைக்கிறீங்களே என்று என்னைக் கிழித்தாள். அந்தப் பிள்ளைதான் என்னைக் காப்பாற்றியது. குளிசையை நிறுத்தி மூன்று கிழமை வைத்திருந்தார்கள். விடும்போது அந்த மருந்தின் பெயரைச் சிவப்பில் எழுதி, இவருக்கு இது இனி எப்போதும் ஆகாது என்று ஓர் அட்டை தந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால், பின்வளவு வீட்டு பஸ்லியா எனக்குக் குட்டநோய் என்று கல்முனைச் சந்தைவரை செய்தி வாசித்து முடித்திருந்தாள். நுஸ்ஹாவுக்குப் பேசியிருந்த நிந்தவூர்ச் சம்பந்தத்தில் ஒரு மாதமாக மூச்சில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கும் ஊர் இது, மாமனாரின் தோல் தொற்றுமென்றால் எவன் வருவான்? உம்மா, முழுக்கைச் சேர்ட்டும் மாஸ்க்கும் போட்டு உள்ளுக்கே இரிங்க, கலியாணம் முடியட்டும், மறுகா உங்கட எண்ணப்படி நடங்க என்றாள். நுஸ்ஹா என் முதுகுக்கு மருந்து பூசிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் என்ன களவா எடுத்தேன்? அட்டையை லெமினேட் செய்து, நாடா கட்டிக் கழுத்தில் போட்டு, கட்டைக்கைச் சேர்ட்டோடு ஜும்ஆவில் முன்வரிசையில் இருந்தேன். கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் வாசித்துக் காட்டினேன், ஸிராஜ் பின்வாசலால் நழுவினான். அடுத்த நாள் பஸ் ஏறி நிந்தவூருக்கே போய், மாப்பிள்ளையின் வாப்பா பதியுதீன் முன்னால் சேர்ட்டைக் கழற்றிச் சிறுத்தை மாதிரி நின்றேன். இது தொற்றாது, குட்டமும் இல்லை, என்ட மடத்தனம் மட்டும்தான், இதுக்காக என்ட மகள ஒதுக்கினா எனக்கும் உங்கட சம்பந்தம் வேணாம் என்று முழங்கினேன். மனிதர் வாயைப் பிளந்தபடி இருந்தார். பிறகு உள்ளே பார்த்து, காக்காக்குத் தேத்தண்ணி ஊத்துங்க என்றார். நோன்புப் பெருநாள் முடிந்து நிக்காஹ்.

மகள், யார் தந்த குளிசையையும் போடாதே, டொக்டர் கேட்டால் எதையும் மறைக்காதே. என் பிள்ளைகளான உங்களுக்கும் சிலவேளை இந்த மருந்து சேராதாம், அட்டையின் படத்தை நுஸ்ஹா அனுப்புவாள், அங்குள்ள டொக்டரிடம் காட்டி வை. நிக்காஹ்வுக்கு இப்போதே லீவு கேள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், வாப்பாவைவிடக் கொஞ்சம் கூடுதலான புத்தியும் தருவானாக.

உன் புதுத்தோல் வாப்பா,
ஷரிபுதீன்

எழுத மறந்தது: பதியுதீன் வீட்டார் அந்த ஒரு மாதமும் இறக்காமத்து வயலில் வெள்ளாமை வெட்டிலும் யானைக் காவலிலும் இருந்தார்களாம், அங்கே போன் எடுபடாதாம். நான் சேர்ட்டைக் கழற்றும்வரை என் தோலைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.