பின்னங்கால் கழுவ விடாத விருந்தாளி

அனுப்புநர்:
தியோகினிஸ், திராட்சைத் தோட்டக்காரர்,
மலையடித் தெரு, ஹலியா,
பெலியோன் மலை அடிவாரம்.

பெறுநர்:
ஊர் நடுவர் அவர்கள்,
ஹலியா.

பொருள்: என் வீட்டில் நாற்பத்தொரு நாளாகத் தங்கியுள்ள குதிரைமனிதனின் பின்னங்கால்களைக் கழுவ ஆள் உதவி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திராட்சை அறுவடையன்று, இடுப்புக்கு மேல் மனிதனும் கீழே குதிரையுமான ஒருவன் மழைக்கு ஒதுங்க வந்தான். விருந்தினரைக் காக்கும் சீயஸ் கடவுளுக்கு அஞ்சி உள்ளே அழைத்தேன். கால் கழுவிய பின்பே விருந்தாளியின் பெயரையும் புறப்படும் நாளையும் கேட்கலாம் என்பது நம் முறை. முன்னங்கால் இரண்டையும் நானே கழுவினேன். பின்னங்காலைத் தொட்டதும் உதைத்தான். எனக்கு விலா எலும்பு இரண்டு முறிந்தது. எப்போது புறப்படுவான் என்று கேட்டதற்கு, "இன்னும் ரெண்டு கால் இருக்கே பெரியவரே, அதுக்குள்ள கேள்வியா?" என்று சிரித்தான். அன்று முதல் இதே பதில்தான்.

2. எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும். தண்ணீர் கலக்காத மதுவை அண்டாவிலேயே வாய் வைத்துக் குடிக்கிறான். முன்பக்கம் இன்னும் ஆலிவ் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பின்பக்கம் அடுப்பருகில் லத்தி போடுகிறது. வெறும் குதிரை என்றால் கூட்டித் தள்ளிவிடலாம். இவன் திரும்பிப் பார்த்து, "அட, ஆவி பறக்குது" என்று ரசிக்கிறான். தாடியில் நேற்றைய வாந்தி, அதன்மேல் ஈ. எங்களுக்குச் சோறு இறங்குவதில்லை.

3. என் இருபது வயது மகள் மிர்த்தோவுக்கு வரும் பௌர்ணமியன்று திருமணம். நம் முறைப்படி அவள் பிறந்த வீட்டின் அடுப்பை வணங்கித்தான் விடைபெற வேண்டும். அங்கேதான் அவன் படுத்திருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "மொதல்ல அத வெளிய அனுப்புங்க, அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்" என்று திரும்பிவிட்டனர்.

4. முன்பு நேரில் முறையிட்டபோது தாங்கள், "விருந்தாளிய தொரத்துனா ஊருக்கே ஆகாது, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றீர்கள். பொறுத்தேன். நேற்று மாலை அவன், "ஒம் பொண்ணு வந்து கழுவட்டும், ஒதைக்கமாட்டேன்" என்று உதட்டை நக்கினான். மிர்த்தோ இப்போது பக்கத்து வீட்டில் ஒளிந்திருக்கிறாள். என் மகளுக்கு அவள் பிறந்த வீட்டில் இடமில்லை, ஐயா.

ஆகவே, பௌர்ணமிக்கு முன் வலுவான ஆறு பேரைக் கயிற்றுடன் அனுப்பி, அவன் பின்னங்கால்களைப் பிடித்துத்தர உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். கழுவுவதை நானே செய்கிறேன், முறை தவறமாட்டேன். கழுவி முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். அவன் பெயர் எனக்குத் தேவையில்லை.

இடம்: ஹலியா
நாள்: வளர்பிறை ஒன்பதாம் நாள்

விலா வலியுடன்,
தியோகினிஸ்
(மிர்த்தோவின் தந்தை)