வேரில்லாத பாறை

மச்சான்,

இன்று காலை குளுவாங் கடைத்தெருவுக்குப் பின்னால் யாரோ வீடு கட்டச் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கார வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. வாங்கப் போன உப்பையும் புளியையும் மறந்து வீடு திரும்பி இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. உன்னைக் கொன்றது மழை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மழை இல்லை, என் வாய். உன்னிடமாவது இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ரெங்கம் பக்கம் நம் ரப்பர்த் தோட்டத்துக் குன்றின் உச்சியில்தான் பங்களா வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரை பிடிவாதம் பிடித்தாரே, நினைவிருக்கிறதா? ஆடுகூட ஏறத் தயங்கும் சரிவு அது. ரயிலடியிலிருந்து வரும் மாட்டுவண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் செங்கல், மணல், சுண்ணாம்பு எல்லாம் நம் ஆட்களின் தலையில்தான். ஒரு நடை ஏறி இறங்கினால் முழங்கால் கழன்றுவிடும். "தொரைக்குக் காத்து வேணுமாம், நமக்கு மூச்சு வேணாமாம்" என்று நீ சொல்வாய். சும்மாடும் கையுமாக நிற்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

உச்சியின் தெற்கு ஓரத்தில் குடிசை அளவுக்கு ஒரு பாறை தலை நீட்டிக்கொண்டிருந்தது. அஸ்திவாரத்துக்கு நான்தான் மேஸ்திரி. சுத்தியலால் தட்டினேன், கணீரென்றது. நம் புதுக்கோட்டைச் சீமையில் பாறை தலை காட்டினால் அதன் வேர் பாதாளத்தில் இருக்கும். அந்த மாதிரிப் பாறையைத் தவிர வேறு பாறையை நான் கண்டதில்லை. "இது மேலயே மூலைச்சுவர ஏத்திடலாம், தோண்டுற வேலை மிச்சம்" என்றேன்.

மரம் வெட்ட வந்திருந்த மலாய்க்காரர் தலையை ஆட்டினார். "பத்து டுடோக் சாஜா" என்றார். கல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அர்த்தம். நீ அதைக் காதில் வாங்கிக்கொண்டாய். "மச்சான், ரெண்டு நாள் குடு. கீழ தோண்டிப் பாத்துடறேன். இந்த ஊரு மண்ணு நம்ம ஊரு மண்ணு இல்ல" என்றாய்.

நான் என்ன செய்தேன்? எல்லோர் முன்னாலும் சிரித்தேன். "கல்லொடைக்கிற வம்சத்துல பொறந்துட்டு கல்லப் பாத்துப் பயப்படுறியேடா!" என்றேன். நீயும் சிரித்தாய். முகம் மட்டும் சிறுத்துப் போனது. அதன் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கணீரென்று கேட்டால் கல்லில் விரிசல் இல்லை என்றுதான் அர்த்தம். வேர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இந்த ஜொகூர்க் குன்றுகளில் செம்மண்ணுக்குள்ளே பாறைகள் சோற்றில் கல் மாதிரி தனித்தனியாகக் கிடக்கின்றன. பெரிய மேஸ்திரியான எனக்கு இதைக் கற்றுக்கொள்ள உன் உயிர் தேவைப்பட்டது.

மூலைச்சுவர் இடுப்பளவு எழுந்தபோது மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் காலையில் வானம் வெறித்ததும், பாறைக்கு அடியில் மண் கரைந்து ஓடுவதை நீதான் முதலில் பார்த்தாய். கல் அடுக்கி முட்டுக் கொடுக்கத் தனியாக இறங்கினாய். நான் போகச் சொல்லவில்லை. ஆனால் நீ காப்பாற்றப் போனது என் சுவரை. நான் மேலே கொட்டகையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம்கூட இல்லை. பாறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சுவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சறுக்கி விழுந்து நாங்கள் கீழே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துரை வேறு குன்றில் பங்களா கட்டிக்கொண்டார். அந்த வேலைக்கு நான் போகவில்லை. அதற்கப்புறம் நான் சுத்தியலைத் தொடவே இல்லை.

ஊரில் இருக்கும் உன் மனைவிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, நான்தான் கடிதம் எழுதினேன். மழையில் பாறை உருண்டுவிட்டது என்று எழுதினேன். அதோடு நிறுத்தவில்லை. உன் தலையை மடியில் வைத்திருந்தேன், என் கையால் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினாய் என்றும் எழுதினேன். அவள் ஆறுதலுக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அவள் என்னை எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன்.

அவள் கேட்கவே இல்லை. ஒவ்வொரு தை மாதமும் கடிதம் வருகிறது. யாரையாவது பிடித்து எழுதச் சொல்வாள் போலிருக்கிறது. கையெழுத்து மாறும், கடைசி வரி மாறாது. "கடைசியில நீங்க பக்கத்துல இருந்தீங்க. உங்க கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சாரு. எனக்கு அது போதும் அண்ணே."

அந்த வரியைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். உண்மையை எழுதிவிடலாம் என்று எத்தனையோ முறை உட்கார்ந்தேன். அந்த ஒரு வாய்த் தண்ணீரையும் அவளிடமிருந்து பிடுங்க மனம் வராமல் எழுந்துவிட்டேன். நீ தண்ணீர் கேட்டாயா என்றுகூட எனக்குத் தெரியாது, மச்சான்.