வேண்டாம் என்று சொல்லச் சொன்னவளுக்கு

திலக் நகரில் என் பக்கத்து வீட்டில் இன்று உளுந்தங்களி கிண்டுகிறார்கள். அந்த வீட்டுப் பெண் பெரியவளாகிவிட்டாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கலந்த மணம் ஜன்னல் வழியே வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம். தாராவியில், வரிசை வீடுகளாக இருந்த நம் சாலின் குழாயடி. நமக்குப் பதின்மூன்று வயது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு என் காதோரம் வந்து, "எனக்கு ஏதோ சீக்கு வந்திருக்குட்டி, செத்துருவேன் போல" என்றாய். உன் பாவாடையைப் பார்த்து நானும் அழுதேன். எனக்கும் ஒன்றும் தெரியாது. உன் அம்மா உன்னை மூலையில் உட்காரவைத்துக் களி கொடுத்தாள்; என்ன ஏது என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் அதோடு நின்றது.

நீ விடவில்லை. வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் மராத்தி நர்ஸிடம் எல்லாவற்றையும் கேட்டு வந்தாய். "சீக்கு, பீமாரி ஒண்ணும் இல்லயாம்ட்டி. ஒடம்பு வளருதாம், அம்புட்டுதான். இத நமக்கு ஒருத்தரும் சொல்லலியே."

கொஞ்சம் வளர்ந்ததும், தையல் பழகும் சாக்கில், மத்தியானங்களில் சாலின் சின்னப் பெண்களை உன் வீட்டில் கூட்டினாய். ரத்தம் ஏன் வருகிறது, துணியை ஏன் வெயிலில் காயப்போட வேண்டும், காரணமில்லாமல் ஏன் அழுகை வருகிறது என்றெல்லாம் சொன்னாய். "ஒரு பயலப் பாத்தா மனசு குறுகுறுங்கும். அது தப்பில்ல. ஆனா ஒனக்குப் பிடிக்காதத எவன் செஞ்சாலும் வேண்டாம்னு சொல்லணும்." அவர்கள் சிரித்தார்கள், வெட்கப்பட்டார்கள், மறுநாளும் வந்தார்கள்.

பேச்சு ஆண்களின் காதுக்குப் போனது. தோல் பதனிடும் வேலையிலிருந்து திரும்பிய உன் அப்பா, "மானத்த வாங்கிட்டியே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். உடனே திருநெல்வேலிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். உனக்குப் பதினேழு, மாப்பிள்ளைக்கு உன் வயதில் இருமடங்கு. எல்லார் முன்னாலும் நின்று, "எனக்கு வேண்டாம்ப்பா" என்றாய். உன் அப்பா உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் என் அம்மாவிடம் கெஞ்சினேன். "அடுத்த வீட்டுக் காரியம், நாம என்னட்டி செய்ய?" என்றாள்.

கல்யாணம் முடித்து உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தலைப்பிரசவத்தில் நீ செத்துப்போனாய். ஊரிலிருந்து வந்த உன் சித்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலம், உன்னிடம் வந்துகொண்டிருந்த பெண்களிலேயே சின்னவள் என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, வேண்டாம்னு சொல்லியும் கேக்கலைன்னா என்ன செய்யணும்?"

அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். நீ சொன்னதையெல்லாம் பிறகு என் மகளுக்குச் சொன்னேன், வேறு எத்தனையோ பெண்களுக்கும் சொன்னேன். அந்தச் சின்னவள் கேட்டதை மட்டும் பதிலில்லாமல் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.