மாடிக்கு ஒரு கம்பியில்லா மணி

3-9-2007, திங்கள்

குரங்கு மறுபடியும் மாடியிலிருந்து கீழே வரும் மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டது. இது மூன்றாவது தடவை. மாடிப்படிக் கைப்பிடியில் உட்கார்ந்து அதை நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. நான் விரட்டினேன். என் குரல் குரங்குக்கே கேட்கவில்லை.

அக்கா ரேவதிக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. வளைகாப்பு முடிந்து வந்ததிலிருந்து மாடி அறையில்தான் இருக்கிறாள். படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கீழே முழுக்க அம்மாவின் மெஸ். கிரைண்டர் ஓடினால் அக்கா கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. இன்று தண்ணீர் கேட்டு ஒரு மணி நேரம் கூப்பிட்டிருக்கிறாள். நான் போனபோது சிரித்தாள். பிறகு, "தண்ணிக்கு சரி சிந்து. வலி வந்தா இன்னா பண்றது?" என்றாள்.

அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

5-9-2007, புதன்

அண்ணன் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். பாலிடெக்னிக்கில் அவன் புராஜெக்ட் செய்த சாமான்கள். இரண்டு மைக்ரோகன்ட்ரோலர், கட்டைவிரல் நகம் அளவில் ஒரு டிரான்ஸ்மிட்டர், அதைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு ரிசீவர். ஒயரே இல்லை என்றால் குரங்கு எதைப் பிடுங்கும்?

அண்ணனுக்கு போன் செய்தேன். "ஒன்பதாவதோட நின்னவ, நீ புரோகிராம் எழுதப் போறியா?" என்றான். பிறகு பழைய கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைச் சொன்னான்.

வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னாலே எனக்குக் குரல் எழும்பாது. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது மெஸ்ஸுக்கு ஆள் வேண்டுமென்று பள்ளியிலிருந்து நின்றேன். வருத்தப்பட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் அண்ணனின் நோட்டுகளை ஒன்றுவிடாமல் படித்திருக்கிறேன். அது அவனுக்குத் தெரியாது.

14-9-2007, வெள்ளி

இரண்டையும் மேசை மேல் வைத்தால் மணி அடிக்கிறது. டிரான்ஸ்மிட்டரை மாடிக்குக் கொண்டுபோனால் இல்லை. நோட்டில் உள்ளபடி பதினேழு சென்டிமீட்டர் ஒயரை ஏரியலாக வைத்தும் இல்லை. இரண்டு நாளாகச் சால்டரிங் எல்லாம் பிரித்துப் பிரித்து வைத்தேன். அழுகையே வந்துவிட்டது. எல்லாம் சரியாத்தானே இருக்கு — ஏன் அடிக்க மாட்டேங்குது?

இன்று சாம்பார் இறக்கும்போதுதான் உறைத்தது. எண்ணெய்ப் புகை படக்கூடாது என்று ரிசீவரை எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, மூடியும் போட்டிருக்கிறேன். அதற்குள் அலை எப்படி நுழையும்? பிளாஸ்டிக் ஊறுகாய் டப்பாவைக் காலி செய்து அதற்குள் மாற்றினேன்.

அடித்தது. அக்கா மேலேயிருந்து விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஊறுகாயை எங்கே கொட்டினாய் என்று அம்மா திட்டியதுகூட அந்தச் சத்தத்தோடு சேர்ந்து நன்றாகத்தான் இருந்தது.

17-9-2007, திங்கள்

தானாகவும் அடிக்கிறது. கிரைண்டர் போட்டால், மிக்சி போட்டால், சில நேரம் ஒன்றுமே போடாவிட்டாலும். ஆறு தடவை மாடிக்கு ஓடினேன். ஆறாவது தடவை அக்கா, "இப்படியே ஓடினா எனக்கு முன்னாடி நீ பெத்துடுவ போல" என்றாள்.

22-9-2007, சனி

காற்றில் இருக்கிற எல்லா இரைச்சலையும் ரிசீவர் கேட்கிறது. அக்காவை மட்டும் கேட்கவைக்க வேண்டும். அவளுக்கென்று ஓர் எண் வைத்தேன். பொத்தானை அழுத்தினால் மேலே உள்ளது அந்த எண்ணை எட்டு முறை சொல்லும். இரண்டு முறையாவது பிழையில்லாமல் கேட்டால்தான் கீழே மணி அடிக்கும்.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து சாப்பிட வந்த அப்பாவிடம் சொன்னேன். "பேர் சொல்லிக் கூப்ட்டாத்தான் திரும்புமா? உங்கம்மாவ விட ரோஷம் ஜாஸ்தியா இருக்கே" என்றார்.

"பேச்சு ஜாஸ்தியானா ரசம் கம்மியாயிடும்" என்றாள் அம்மா.

23-9-2007, ஞாயிறு

நூறு தடவை அழுத்தினாள். நூறும் அடித்தது.

2-10-2007, செவ்வாய்

நூறு போதாது.

மணி அடிக்கவில்லை என்றால் அக்கா சும்மா படுத்திருக்கிறாளா? இல்லை, மேலே பேட்டரி தீர்ந்துபோய் அவள் அழுத்திக்கொண்டே இருக்கிறாளா? கீழே இருக்கிற எனக்கு இரண்டும் ஒன்றுதான். இது முன்னாடியே ஏன் தோணல?

மூன்று நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். மேலே உள்ளது நிமிடத்துக்கு ஒருமுறை சத்தமில்லாமல் 'இருக்கிறேன்' என்று சொல்லும். மூன்று நிமிடம் அது வராவிட்டால் கீழே உள்ளது கீக் கீக் என்று கத்தும்.

"கூப்ட்டாலும் கத்துது, கூப்பிடாட்டியும் கத்துது. இதுக்கு அந்தக் குரங்கே தேவலாம்" என்றாள் அம்மா.

மேலே உள்ளதைச் சோப்பு டப்பாவில் வைத்திருக்கிறேன். அதற்கு மூடி இல்லை. தேட வேண்டும்.

21-10-2007, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

நேற்று ஆயுத பூஜை. அம்மா கிரைண்டர், அடுப்பு, அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஊறுகாய் டப்பாவின் மூடிக்கும் வைத்தாள். அப்பாவின் ஆட்டோவில் வாழைக்கன்று கட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வாசலில் சூடம் ஏற்றும்போது உள்ளே டப்பா கீக் கீக் என்றது.

நான் எழுந்தேன்.

"உக்காரு. இன்னிக்கு எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. இப்பத்தான் மேல போய் அதுக்கும் பொட்டு வெச்சிட்டு வரேன். அக்கா நல்லாத்தான் இருந்தா" என்றாள் அம்மா.

உட்கார்ந்தேன். பொட்டு வெச்சாளா? எங்க வெச்சா? அதுக்கு மூடியே இல்லையே. டப்பா மறுபடி கத்தியது. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து ஓடினேன்.

அக்கா தரையில், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவை நனைந்திருந்தது. விரல் பொத்தான் மேலேயே இருந்தது. "அடிச்சிக்கினே இருக்கேன்டி. யாருமே வரல" என்றாள். சோப்பு டப்பாவுக்குள், மைக்ரோகன்ட்ரோலரை ஓடவைக்கும் கிரிஸ்டலின் இரண்டு கால்களுக்கும் நடுவே ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம். அம்மா அழகாகத்தான் வைத்திருந்தாள்.

மாடிச் சுவரில் எக்கி, "அப்பா" என்று கத்தினேன். தெருவே நிமிர்ந்து பார்த்தது.

அக்காவை நாற்காலியோடு இறக்கினோம். ஆட்டோ மூன்று எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு கிளம்பியது. வழியெல்லாம் வாழைக்கன்று ஆடிக்கொண்டே வந்தது.

மாலை நாலு இருபதுக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான்டி வெச்சேன், நாந்தான்டி வெச்சேன்" என்றாள்.

"மூடி போடாதது நாந்தாம்மா" என்றேன்.

குங்குமம் வைத்தவளும் மூடி போடாதவளும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

26-10-2007, வெள்ளி

பல்துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துச் சந்தனத்தைத் தேய்த்து எடுத்தேன். வேலை செய்கிறது. மூடியும் போட்டாகிவிட்டது. அக்காவும் குழந்தையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் டப்பா கீக் என்றால் தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு அம்மா முதலில் ஓடுகிறாள்.

18-11-2007, ஞாயிறு

செங்கம் ரோட்டில் விடுதி நடத்தும் ஆதிலட்சுமி அம்மா நம் மெஸ்ஸில்தான் பார்சல் வாங்குவார். குழந்தை பிறந்த கதையை அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள். இன்று வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். மூன்று மாடி. ஆசிரமத்துக்கு வரும் வயதானவர்கள் தனித்தனியாகத் தங்குகிறார்கள். போன மாதம் ஒருவர் காலையில் குளியலறையில் விழுந்து, மத்தியானம் வரை யாருக்கும் தெரியவில்லையாம்.

டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டு அறை அறையாக ஏறினேன். கோடியில் இருந்த ஓர் அறையிலிருந்து மட்டும் கேட்கவில்லை. மறைக்காமல் சொன்னேன். "அந்த ரூமுக்கும் கீழுக்கும் நடுவுல இன்னொன்னு வெக்கணும். அது கேட்டு, திருப்பிச் சொல்லும். ரெண்டு வாரம் ஆவும்."

"சரி. அப்புறம் கெட்டுப்போனா?"

"கெட்டுப்போனா அதுவே கத்தும்மா."

"கத்தினா யாரு வருவா?"

கூடத்தில் அவர் கணவர், சமையல்காரர், இரண்டு வெள்ளைக்காரர்கள், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வருவேன்" என்றேன்.

ஆதிலட்சுமி அம்மா உள்ளே போய் எல்லா அறைகளின் மாற்றுச்சாவிகளையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பதினான்கு. எழுதுகிற மேசை மேல் வைத்திருக்கிறேன்.