மறைக்கலாம், அழிக்க முடியாது

ஜூன் 9
தமிழ்க் குழுவுக்கு லாமியாவைத் தலைவியாக்கிவிட்டார்கள். கீழக்கரைக்காரி, எனக்கு ஒன்பது மாதம் பின்னால் சேர்ந்தவள். புகார் வரும் பதிவுகளில் எது கிண்டல், எது மிரட்டல் என்று பிரித்துப் பார்க்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். குரூப்பில் எல்லோரும் பூங்கொத்துப் படம் போட்டார்கள். நானும் போட்டேன். பற்றிக்கொண்டு வந்தது.

ஜூன் 10
அம்மாவுக்கு இன்னும் என் வேலை புரியவில்லை. "அசிங்கமா எழுதுனா அழிச்சுட்டுப் போக வேண்டியதுதான" என்றாள். அழிக்க முடியாது. எங்கள் தளம் ஓடுவது பிளாக்செயினில், எழுதியது ஆயிரம் கம்ப்யூட்டரில் பதிந்துவிடும். மறைக்கத்தான் முடியும். ஒரு புகார் மூன்று பேருக்கு வரும். ஆறு மணி நேரத்துக்குள் இரண்டு பேர் 'மறை' என்றால் யார் கண்ணிலும் படாது. இல்லையென்றால் திறந்தே கிடக்கும். எல்லாம் கேட்டுவிட்டு, லாமியா மாதிரி நீ ஏன் தலைவி ஆகலை என்கிறாள்.

ஜூன் 12
மீட்டிங்கில் லாமியா சொன்னது முழுக்க நான் போன மாதம் சொன்னது. அவள் சொன்னால் மட்டும் தலையாட்டுகிறார்கள்.

ஜூன் 14
மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. எங்க அய்யா போட்டில் ஐஸ் ஏற்றப் போயிருந்தார். காலை பத்தரைக்கு ஒரு புகார் வந்தது. லாமியாவின் படம், அவள் போன் நம்பர், கூடவே அவளே கூப்பிடுவது போல ஒரு அசிங்கமான வரி. தன்னைப் பற்றியது என்பதால் அவள் ஓட்டுப் போட முடியாது. எங்கள் மூன்று பேரில் இன்னொருவரான முத்துகிருஷ்ணன் அண்ணன் உடனே 'மறை' போட்டுவிட்டார். மீதி நான்.

கொஞ்ச நேரம் தவிக்கட்டுமே — அவ்வளவுதான் நினைத்தேன். மதியத்துக்குள் போட்டுவிடலாம் என்று. அப்புறம் அய்யாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போட் ஜெட்டிக்குப் போனேன். போன் வீட்டில். மறந்தா வைத்துவிட்டுப் போனேன்? இல்லை. திரும்பும்போது மணி ஐந்து, கெடு நாலரைக்கே முடிந்திருந்தது.

ஜூன் 15
விடாமல் கால் வருகிறதாம் அவளுக்கு, கண்ட கண்ட ஆண்களிடமிருந்து. அவள் வாப்பா போனை வாங்கி வைத்துவிட்டார், வேலையே வேண்டாம் என்கிறாராம். முத்துகிருஷ்ணன் அண்ணன் சொன்னார். அதற்கு முன்னால் அவள் அவரிடம் கேட்டாளாம்: "ஆஸ்லின் அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டாங்களே."

பாவி நான். என்ன பண்ணித் தொலைச்சேன்?

ஜூன் 16
கெடு தாண்டியதைத் திரும்ப ஓட்டுக்கு எடுக்க ஒரே வழிதான். தவறவிட்டவர் காரணத்தைத் தன் பெயரில் எழுத வேண்டும். அதுவும் பதிவாகிவிடும், அதையும் அழிக்க முடியாது.

'கரண்ட் இல்லை' என்று எழுதினேன், அனுப்பவில்லை. எடுத்தேன். 'நெட் இல்லை.' அதையும் எடுத்தேன். கடைசியில்: 'பார்த்தேன். பொறாமையில் வேண்டுமென்றே விட்டேன். ஆஸ்லின், தங்கச்சிமடம்.'

பத்து நிமிடத்தில் லாமியாவின் படம் மறைந்தது. எனக்கு மூன்று மாதம் ஓட்டு கிடையாது என்று தகவல் வந்தது.

ஜூன் 21
லாமியா வேலைக்குத் திரும்பிவிட்டாள், புது நம்பரோடு. எல்லோருக்கும் கொடுத்தாளாம். எனக்குத் தரவில்லை.

ஜூன் 24
உங்களைப் பற்றிய பதிவு ஒன்று மறைக்கப்பட்டது என்று அறிவிப்பு. நான் எழுதியதை எவனோ எடுத்து, என் படத்தோடும் வீட்டு விலாசத்தோடும் போட்டிருக்கிறான். புகார் வந்தது 11:02. முதல் 'மறை' 11:03. போட்டது லாமியா.

ஒரே நிமிடம். என்னால்கூட அவ்வளவு சீக்கிரம் முடியாது. அதற்கும் வயிறு எரிந்தது.

அப்புறம் நன்றி சொல்லலாம் என்று போனை எடுத்தேன். என்னிடம் இருப்பது பழைய நம்பர்.