பின்பக்கம் முழுதாகத் திறக்கும் வண்டி

ஜூன் 2, திங்கள்

இந்த டைரியில் கிழமையெல்லாம் தப்பு. சிவகாசி அச்சாபீசில் எவனோ தூக்கக் கலக்கத்தில் அடித்துத் தள்ளி, எடைக்குப் போட்டதை என் மகள் ஸ்ரீமதி கேட்டு வாங்கி வந்தாள். அச்சில் புதன் என்றிருக்கிறது. அடித்துவிட்டுத் திங்கள் என்று எழுதுகிறேன். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு.

அவளுக்கு இன்று பள்ளிக்கூடம் திறந்தாச்சு. பன்னிரண்டாவது. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. மூன்று வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தேன். ஒன்று வெள்ளத்தில் நின்ற வண்டி. புது வண்டி மாதிரி பாலீஷ் போட்டு அனுப்பியிருக்கிறான், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடியில் சேறு. எல்லாரும் பெல்ட்டை மறந்துவிடுகிறார்கள்.

சாயங்காலம் யார்டு முதலாளி டென்னிஸ் அண்ணாச்சி கூப்பிட்டார். "பாண்டிச்செல்வி, இனிமே செக்கிங் ரிப்போர்ட்ல நீயே கையெழுத்துப் போட்டுரு. நீ பாக்குறதுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? நாளைக்குப் பெரிய வண்டி ஒண்ணு வருது. அதுலருந்து ஆரம்பி."

சூலக்கரை ரோட்டோரம் இந்தப் பழைய கார் யார்டுக்குக் கூட்டிப் பெருக்க வந்தவள் நான். ஆறு வருஷம். சந்தோஷப்பட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கக்கூடத் தெம்பில்லை.

ஜூன் 3, செவ்வாய்

வந்துவிட்டது. கருநீலம். நீளமென்றால் நீளம், நிழலுக்குள் முழுசாக அடங்கவில்லை. பார்த்தால் நாலு கதவு வண்டி. பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கினால் டிக்கி மட்டும் திறக்கவில்லை, கண்ணாடியோடு சேர்த்து முதுகு மொத்தமும் மேலே தூக்குகிறது. லிஃப்ட்பேக் என்று பெயராம். எட்டு வருஷ வண்டி. மதுரை விக்னேஷ்வரன் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. புரோக்கர் மூலமாக வந்தது.

பெயின்ட் கனம் பார்த்தேன். எங்கும் அடி இல்லை. என்ஜின் சத்தம் சுத்தம். கியர் மாறுவது தெரியவே இல்லை. ஓடியது ரொம்பக் குறைவு. இவ்வளவு நல்ல வண்டியை எதற்கு நிறுத்தியே வைத்திருந்தார்கள்?

சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கும் ஹரிஷ்குமார் என்பவர் வாங்க இருக்கிறாராம். என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாராம். என் ரிப்போர்ட்!

ஜூன் 4, புதன்

பின்பக்கத்தைத் திறந்தால் ஒரு வாடை. யார்டில் வேறு யாருக்கும் வரவில்லையாம். "ஒனக்கு மூக்குல ஏதோ கோளாறு" என்கிறார் அண்ணாச்சி.

ஜூன் 5, வியாழன்

கோளாறு மூக்கில் இல்லை. பின்சீட்டை மடக்கும் கீல் இடுக்கில் டார்ச் அடித்தேன். வெள்ளியாக மின்னுகிறது. பின்சீட்டின் கறுப்புப் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். அதிலும் வெள்ளி, கை பிடித்த மாதிரி. விரலால் தேய்த்தால் போகவில்லை. ஒன்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் இதே அலுமினியப் பவுடரை எத்தனை சோப்புப் போட்டும் கழுவ முடியாமல் அந்தக் கையாலேயே சோறு தின்றவள் நான். தரை விரிப்பு வேறு புதுசு. மற்ற இடமெல்லாம் எட்டு வருஷ வெளுப்பு, அது மட்டும் கருகருவென்று.

வெடிமருந்து ஏற்றியிருக்கிறான். லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்கு வீடு பட்டாசுத் திரி சுற்றக் கொடுக்கிறார்களே, அங்கே கொண்டுபோக இந்த மாதிரி வண்டிதான் வசதி. செக்போஸ்டில் எவன் மறிப்பான்? ஏ.சி. போட்டு, பாட்டுப் போட்டு, பின்னால் மருந்து!

ரிப்போர்ட்டில் எழுதினேன்: "பின்பகுதியில் வெடிமருந்து ஏற்றிய தடயம் உள்ளது. பரிந்துரைக்க இயலாது." கையெழுத்தும் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இவனுகளுக்கு மருந்து ஏற்ற இப்படி ஒரு வண்டி. கம்பெனி ரூம் வெடிச்சப்ப எங்க வீட்டு ஆளுக்கு லோடு வேன். வெந்த உடம்பை மூட்டையோடு மூட்டையாத் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனதாக ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னார்கள். மூணு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தார் என் மாரிக்கண்ணன். வலியில் செத்ததைவிட அந்த லோடு வேன்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பதினாறாம் நாள் அந்தக் கம்பெனி முதலாளி செல்லச்சாமி கையில் ஒரு மஞ்சப் பையோடு வாசலில் வந்து நின்றார். வாயடைக்கக் காசு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றி, முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு வரவில்லை.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன். தூங்கணும்.

ஜூன் 6, வெள்ளி

ஹரிஷ்குமார் வந்தார். சின்ன வயசுதான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிள்ளைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி முகம். "மருந்து ஏத்துன வண்டி. வேண்டாம்" என்று நறுக்கென்று சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போச்சு.

அண்ணாச்சிக்கு எரிச்சல். "ஏத்தா, சொன்னது சரி, ஆதாரம் வேணும்ல? புரோக்கர் சண்டைக்கு வருவான். ஸ்டெப்னி டயரக் கழட்டி, அடியில இருக்க பவுடரையும் போட்டோ எடுத்துக் குடு."

நாளை பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். முதுகு முறிகிறது.

ஜூன் 7, சனி

ஸ்டெப்னிக்கு அடியில் பவுடர் இல்லை.

மஞ்சப் பை.

உள்ளே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஆம்பளைச் செருப்பு. ரெண்டு வாரிலும் சிவப்பு நகப்பாலீஷில் ரெண்டு ரெண்டு பொட்டு.

அது நான் வச்ச பொட்டு. கம்பெனியில மருந்து ரூமுக்குள்ள செருப்போட போகக்கூடாது, எல்லாரும் வெளியதான் கழட்டிப் போடணும். அம்புட்டும் ஒரே மாதிரி கெடக்கும். ஆளாளுக்கு ஒரு அடையாளம் வச்சுக்குவோம், நூல் கட்டுவாக, குதியில வெட்டி விடுவாக. அவருக்கு நான் பொட்டு வச்சேன். "பொம்பளச் செருப்பு மாதிரி ஆக்கிட்டியே"ன்னு அன்னைக்கு முழுக்க வஞ்சாரு. வஞ்சுக்கிட்டே போட்டுட்டுப் போனாரு.

டிக்கியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியவில்லை. அண்ணாச்சி தண்ணீர் கொண்டுவந்தார். புரோக்கருக்குப் போன் போட்டுக் கேட்டேன். விக்னேஷ்வரன் என்பவர் பெயரில் இருந்தாலும் அவர் மாமனார் வாங்கி ஓட்டிய வண்டியாம். எம். புதுப்பட்டி செல்லச்சாமி.

அந்தப் பவுடர் மூட்டையிலிருந்து வந்ததில்லை. அந்தப் பெல்ட்டில் இருப்பது – என் மாரிக்கண்ணன் கையா?

நான் என்ன எழுதினேன் ரிப்போர்ட்டில்?

ஜூன் 8, ஞாயிறு

செருப்பைத் துணி வைக்கிற பீரோவில் வைத்தேன். ஸ்ரீமதி பார்த்துவிட்டுப் பீரோக் கதவைச் சாத்தினாள்.

ஜூன் 9, திங்கள்

லீவு சொல்லிவிட்டு எம். புதுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சீசன் ஆர்டர் வந்துவிட்டது போல, பஸ் முழுக்கக் கம்பெனிக்குப் போகிற பெண்கள். இந்த ஊர்ப் பக்கம் ஆறு வருஷமாக வரவில்லை.

செல்லச்சாமி மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். கம்பெனி அன்றைக்கு மூடியதுதான். ஆள் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான்தான் பேசினேன். "செருப்பு கெடச்சுச்சு மொதலாளி."

அவர் சட்டைக் கையை இழுத்து மூடினார். அதற்குள் பார்த்துவிட்டேன். உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை தோல் வழவழவென்று வெளுத்துக் கிடக்கிறது, ரெண்டு கையிலும். யாரையாவது நெருப்பிலிருந்து தூக்கினால்தான் இப்படி இருக்கும்.

"ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னாக தாயி. மத்த ரெண்டு பேரையும் லோடு வேன்ல ஏத்திட்டோம். ஒங்க வீட்டுக்காரர மடக்கி உக்கார வைக்க முடியாது. இந்த வண்டியில பின் சீட்ட மடக்குனா நீளமாப் படுக்கலாம். ஈர வேட்டிய விரிச்சுப் படுக்க வச்சு நானே ஓட்டுனேன். எரியுதுன்னாரு, ஏசிய முழுசா வச்சேன். குளிருதுன்னாரு, அமத்துனேன். பெல்ட்டப் பிடிச்சுக்கங்கன்னேன், பிடிச்சுக்கிட்டாரு."

"பேசுனாரா?"

"செருப்பு வெளிய கெடக்கு, செல்வி பொட்டு வச்சது, எவனாவது மாத்திப் போட்டுட்டுப் போயிருவான், எடுத்து வைக்கச் சொல்லுங்கன்னாரு. அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. எடுத்துட்டுத்தான் தாயி ஒங்க வீட்டுக்கு வந்தேன்."

அதைத்தான் கொண்டுவந்திருக்கிறார். நான் மண்ணை அள்ளிப் போட்டேன்.

"வீட்டுக்குள்ள வைக்க முடியல, தூக்கிப்போடவும் மனசில்ல. ஸ்டெப்னிக்கு அடியில வச்சேன். அதுக்கப்புறம் நான் அந்த வண்டியில ஏறல. மருமகன் கொண்டுபோயிட்டாரு."

அழுகை வந்தது. அதோடு ஆத்திரமும் வந்தது. கேட்டேவிட்டேன். "நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்ல ஏழு பேர வச்சது யாரு மொதலாளி?"

தலையைக் குனிந்தார். "நாந்தான்."

மன்னிச்சிரு என்று அவர் கேட்கவில்லை. மன்னித்தேன் என்று நான் சொல்லவும் இல்லை. கிளம்பும்போது, "பஸ்ஸுக்கு நேரமிருக்கு, காப்பித் தண்ணி குடிச்சுட்டுப் போறீகளா?" என்றார். குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை. தொண்டை காய்ந்திருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன். புதுசில் பின்பகுதி என்ற இடத்தில் எழுதினேன்: "மருந்து ஏற்றிய வண்டி அல்ல. தீக்காயம் பட்ட ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அதனால் தரை விரிப்பு மாற்றப்பட்டது. வேறு குறை இல்லை."

அண்ணாச்சி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாம் அவரிடம் சொல்லியாச்சு, மனுஷன் கலங்கித்தான் போனார். ஆனால் வியாபாரம் வியாபாரம். "அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. கம்பெனி பேரு என்னாகும்? காயம் பட்டவரு அது இதுன்னு எழுதுனா எவன் வாங்குவான்? சகுனம் பாக்குற ஊரு. விரிப்பு புதுசுன்னு மட்டும் எழுது செல்வி."

"மருந்துன்னு எழுதும்போது ஆதாரம் கேட்டீகள்ல? இப்ப ஆதாரத்தோட எழுதுறேன். வேணாம்னா சொல்லுங்க அண்ணாச்சி, கையெழுத்தும் வேணாம், வெளக்கமாத்த எடுத்துக்கிர்றேன்."

நான் இவ்வளவு சத்தமாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். பேனாவையும் தள்ளினார்.

ஹரிஷ்குமாருக்கு நானே போன் போட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டேன், முழுசாகப் பார்க்காமல் சொன்னது என் குற்றம் என்றேன். நடந்ததையும் சொன்னேன். யாரென்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஜூன் 11, புதன்

போன் வரவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு எங்கோ பார்க்கிறார்.

ஜூன் 12, வியாழன்

வரவில்லை. வேலையை விட்டு நிறுத்தினால் ஸ்ரீமதியை எப்படிப் படிக்க வைப்பது? திரும்பவும் வெம்பக்கோட்டைப் பக்கம் மருந்தைத் தொடப் போக மாட்டேன். அது மட்டும் நிச்சயம்.

எல்லாரும் மத்தியானம் சாப்பிடப் போனபோது வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தேன். சீட்டை மடக்கினேன். செருப்பைக் கழற்றி வெளியே போட்டேன்.

ஜூன் 14, சனி

ஹரிஷ்குமார் காலையிலேயே வந்துவிட்டார், வாங்குகிற முடிவோடு. என் ரிப்போர்ட்டை நின்றபடியே ஒரு தடவை படித்தார். "எங்க ஊர்ல எந்த வண்டிதான்க்கா அப்பிடிப் போகல? எங்க மாமாவ மீன் வண்டியிலதான் கொண்டுபோனோம்" என்றார். டென்னிஸ் அண்ணாச்சி தும்மினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார். அடுத்த வாரம் வருகிற நாலு வண்டிக்கும் நான்தான் கையெழுத்தாம். இடுப்பு போச்சு.

சாவி வாங்கும்போது ஹரிஷ்குமார் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். "காலண்டர் பண்டல் ஏத்தணும்க்கா. பின்னாடி எம்புட்டு எடம் இருக்கும்?"

"சீட்ட மடக்குனா ஒரு ஆளு கால நீட்டிப் படுக்கலாம்" என்றேன்.

"படுத்துப் பாத்தீகளாக்கும்?" என்று சிரித்தார்.

"பாத்தேன்" என்றேன். சாவியைக் கொடுத்தேன்.