கடைசிப் பத்து நிமிஷம்

டாஃபின், மனிடோபா
டிசம்பர் 3

அன்பு மகள் லெஸ்யாவுக்கு அப்பா எழுதுறது. இங்கே நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், கார் மட்டும்தான் குளிரில் முனகுது. லாஸ் ஏஞ்சலஸ் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குறியான்னு தெரியணும்.

ஆகஸ்டில் நீ ஃபோன் பண்ணி, எழுதிக்கிட்டிருக்கிற டிவி தொடருக்கு முடிவு சரியா வரலைப்பான்னு அழுதப்போ, மர்மத் தொடருக்கு நல்ல முடிவுன்னு ஒண்ணு கிடையாதும்மா, விட்டுத்தள்ளுன்னு சொன்னேனே, அந்த வாயைத் தைக்கணும். அதுக்கப்புறம் நீ அம்மாகிட்ட மட்டும்தான் பேசுறே. பயத்துல சொன்னேன்டா கண்ணு. உன் முந்தின தொடர் எல்லாமே கனவுன்னு முடிஞ்சதிலிருந்து, கர்லிங் கிளப்பில் நான் பனித்தரையில் கல்லைத் தள்ளக் குனியும்போதெல்லாம் வாசில் பயல் என்னைப் பார்த்து, ஓரெஸ்ட், எழுந்திருப்பா, எல்லாம் கனவுன்னு கத்துவான். நான் கிடக்கேன், நீ அந்த வெட்கத்திலேயே ரெண்டு கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வரலையே, அதுதான் தாங்கலை. இதுவும் ஊத்திக்கிட்டா இந்தப் பக்கமே வரமாட்டியோன்னுதான் பயம்.

ஞாயிறு சாயங்காலம் உன் தொடரோட கடைசிப் பகுதியைக் கிளப் மாடியில் பெரிய டிவியில் போட்டாங்க. அறுபது பேர் இருக்கும். கதையில் வர்ற அந்த டீச்சரைக் கொன்னது யாருன்னு ஆளாளுக்குச் சீட்டு எழுதி காபி டப்பாவில் போட்டிருந்தாங்க. அம்மா செஞ்ச பெரோகி கொழுக்கட்டை எனக்கு ஒண்ணுகூட இறங்கலை. கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது உட்கார முடியாம, கார் கண்ணாடியில் பனி சுரண்டப் போறேன்னு வெளியே வந்துட்டேன். சிரிக்காதே, மைனஸ் இருபத்தெட்டு. நம்ம காரை முடிச்சு பக்கத்துக் காரையும் சுரண்டினேன், யாரோடதுன்னே தெரியாது.

அப்பதான் வாசில் இறங்கி வந்தான். தொலைஞ்சோம்டான்னு நினைச்சேன். அவன் கையுறையைக் கழட்டிக் கையை நீட்டினான். நம்ம கிளப்பில் தோத்துட்டேன்னு ஒத்துக்கிறவன்தான் அப்படி நீட்டுவான், உனக்குத் தெரியாததா? முப்பது வருஷத்துல கடைசிக் கல்லுக்கு முன்னாடி கை கொடுத்தவன் இல்லை அவன். கொன்ன ஆளை மூணாவது வாரமே கண்ணு முன்னாடி வச்சிருந்தாடா உன் பொண்ணு, டப்பாவில் ஒரு சீட்டுகூடச் சரியில்லை, ஆனா பார்த்ததும் வேற யாரா இருக்க முடியும்னு தோணிடுச்சுன்னான். மூக்கை வேற உறிஞ்சினான், கேட்டா குளிராம். அப்பாடா! சுரண்டியைப் போட்டுட்டு ஓடினேன். மேலே போனா ஒருத்தர்கூட வீட்டுக்குப் போகக் குளிர்கோட்டை எடுக்கலை, உட்கார்ந்தபடியே பேசிக்கிட்டிருக்காங்க.

முடிவு என்னன்னு கேட்டா ஒருத்தரும் சொல்லமாட்டேங்குறாங்க. பயந்து ஓடினவனுக்கு இதுதான் தண்டனைன்னு உங்கம்மாவும் வாயைத் திறக்கலை, பதிவு பண்ணி மட்டும் வச்சிருக்கா. நான் சொன்னது தப்பும்மா, எழுதியே ஒத்துக்கிறேன். ஏமாத்தாம முடிக்க முடியும்னு நீ காட்டிட்டே.

கடவுள் உன்னை நல்லா வைக்கட்டும், எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகட்டும். ஜனவரி ஆறாம் தேதி நம்ம கிறிஸ்மஸ் விருந்துக்கு டிக்கெட் போட்டுடு, தடிச்ச பூட்ஸை மறந்துடாதே. அந்தப் பத்து நிமிஷத்தை நான் இன்னும் பார்க்கலை. நீ பக்கத்துல உட்கார்ந்தாதான் பார்ப்பேன், இந்தத் தடவை எழுந்து போகமாட்டேன்.

உன் அப்பா,
ஓரெஸ்ட்